பாலத்தின் வரைபடம் எங்கே? அச்சாகியும் கைக்கு எட்டாதவற்றின் கதை

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். உயர்தரத்தில் ஐ.சி.டி. படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

தெமோதரை ஸ்டேசனுக்கு வரும் வெளியூர்க்காரரிடம் நாம் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. மலை இறங்க வழி தெரியாமல் பொறியியலாளர் நின்றாராம். ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிச் சுற்றிக் கட்டியதைப் பார்த்தாராம். உடனே ரயில் பாதையையும் அப்படியே சுற்றிவிட்டாராம். ஸ்டேசனை விட்டுப் புறப்படும் ரயில் மலையைச் சுற்றி வந்து, அதே ஸ்டேசனுக்குக் கீழே உள்ள சுரங்கத்தால் போவதைப் பார்ப்பவர்கள் கதையை நம்பிவிடுகிறார்கள். சிறு வயதில் நானும் நம்பினேன்.

அடுத்த கதை, எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையில் உள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைப் பற்றியது. முதலாம் உலகப்போர் வந்ததால் இரும்பு கிடைக்கவில்லை, ஊர்க்காரரான அப்புஹாமி கல்லையும் செங்கல்லையும் சீமெந்தையும் வைத்தே கட்டி முடித்தார் என்பார்கள். அப்புஹாமியின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தப் பாலத்துக்கு ஒழுங்கான பொறியியல் பதிவு இருக்கிறது. இலங்கையில் ஒரு கொங்கிரீட் ரயில் பாலம் கட்டியதைப் பற்றிய அறிக்கை ஒன்றை, இலங்கைப் பொறியியல் சங்கம் 1923இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. பாலத்தை வடிவமைத்தவர் ரயில்வே நிர்மாணப் பகுதியில் இருந்த ஹரோல்ட் கத்பர்ட் மார்வுட். வரைபடங்களும் விபரங்களும் அதில் உள்ளன. 1924இல் பதுளைக்கு ரயில் வருவதற்கு முன்பே அது அச்சாகிவிட்டது.

இத்தனை ஆண்டுகள் கடந்தும் நம் ஊரில் எத்தனை பேர் அந்த வரைபடத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்? ஒளித்து வைக்கப்பட்டதல்ல அது. முறையாக வெளியிடப்பட்டது. ஆனால் ஒரு சங்கத்தின் ஆங்கில ஏட்டில் வெளிவந்தது. அந்த ஏடு இருக்கும் இடம் தோட்டத்துப் பிள்ளைக்கோ கடைவீதிப் பிள்ளைக்கோ எட்டாத தூரம். அதனால் நம்மிடம் கதைகள் மட்டும் வந்து சேர்ந்தன.

வெளியிடுவது ஒன்று, கைக்கு எட்டுவது இன்னொன்று. நாம் தினமும் தொடும் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் இந்த இரண்டுக்கும் இடையே அரை நூற்றாண்டாக ஒரு போராட்டம் நடந்திருக்கிறது. இன்றைய பதிவு அதைப் பற்றியது. நம் தமிழ் எழுத்துக்கும் அதில் பங்கு இருக்கிறது.

*

முதலில் இரண்டு சொற்களை விளங்கிக்கொள்வோம்: நியமம், மூல நிரல்.

நியமம் என்றால் எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவு. கொழும்பில் இருந்து பதுளை வரை தண்டவாளத்தின் அகலம் ஒன்றாக இருந்தால்தான் ரயில் ஓடும். கணினிகளும் அப்படியே. ஒரு கணினி அனுப்புவதை இன்னொன்று விளங்கிக்கொள்ள, இந்த எழுத்துக்கு இந்த எண், இந்தச் செய்திக்கு இந்த ஒழுங்கு என்று எழுதி வைக்க வேண்டும். அப்படி எழுதப்பட்ட ஆவணம்தான் தொழில்நுட்ப நியமம்.

மூல நிரல் என்றால் அந்த நியமத்தின்படி கணினி வேலை செய்ய மனிதன் எழுதும் கட்டளைகள். நம் வீட்டு வட்டிலப்பத்தை வைத்துச் சொல்கிறேன். வட்டிலப்பம் எப்படி இருக்க வேண்டும், எவ்வளவு மெதுமை, என்ன நிறம் என்று சொல்வது நியமம். எத்தனை முட்டை, எவ்வளவு கித்துள் கருப்பட்டி, எவ்வளவு தேங்காய்ப் பால், எத்தனை நிமிடம் அவிப்பது என்று எழுதித் தருவது மூல நிரல். முதலாவதை மட்டும் வாசித்துவிட்டு சமைக்கப் போனால் பத்து வீட்டில் பத்து விதமாக வரும். அதனால் பல நியமங்களை எழுதியவர்கள், ஆவணத்தின் பின்னிணைப்பாக மூல நிரலையும் சேர்த்தே அச்சிட்டார்கள். நல்ல யோசனை. ஆனால் அந்த நிரலை எடுத்துப் பயன்படுத்தப் போனவர்களுக்கு மூன்று பூட்டுகள் காத்திருந்தன: விலை, பக்கம், அனுமதி.

*

இணையம் வளர்ந்ததற்கு ஒரு காரணம், அதன் நியமங்களில் முதல் பூட்டு இல்லை என்பதுதான். 1969 ஏப்ரல் 7ஆம் திகதி அமெரிக்காவில் ஸ்டீவ் குரோக்கர் என்ற பட்டதாரி மாணவர் ஒரு குறிப்பை எழுதினார். கூட இருந்த நண்பர்களின் தூக்கத்தைக் கெடுக்க விரும்பாமல் குளியலறையில் இருந்து எழுதியதாக அவரே பின்னாளில் சொன்னார். கட்டளை போடும் தொனி வரக்கூடாது என்பதற்காக அதற்குக் 'கருத்துக் கேட்கும் குறிப்பு' என்ற பொருளில் பெயர் வைத்தார். அந்தப் பெயரின் சுருக்கம்தான் ஆர்.எப்.சி. முதலில் தாளில் தபாலில் போனது. வலையமைப்பு வேலை செய்யத் தொடங்கியதும் அதன் வழியே போனது. யாரும் காசு கேட்கவில்லை. இன்றுவரை இணையத்தின் அடிப்படை நியமங்கள் அந்தப் பெயரிலேயே இலவசமாக வெளிவருகின்றன.

ஆனால் விலை இல்லை என்பதால் மற்ற இரண்டு பூட்டுகளும் இல்லாமல் போய்விடவில்லை.

அனுமதிப் பூட்டுக்கு ஒரு நல்ல உதாரணம் 1992 ஏப்ரலில் வந்த ஆர்.எப்.சி 1321. ரொனால்ட் ரிவெஸ்ட் எழுதியது. ஒரு கோப்பு வழியில் கெட்டுப்போனதா என்று பார்க்க, அதன் விரலடையாளம் போன்ற ஓர் எண்ணைக் கணிக்கும் முறை அது. எம்.டி.5 என்று பெயர். பின்னிணைப்பில் முழு மூல நிரலும் இருந்தது. யாரும் வாசிக்கலாம். ஆனால் அந்த நிரலின் தலையில் ஒரு நிபந்தனை: இதைப் பற்றிக் குறிப்பிடும் ஒவ்வொரு இடத்திலும் இன்ன கம்பனியின் முறை என்று பெயர் சொல்ல வேண்டும். வட்டிலப்பச் செய்முறையைத் தந்துவிட்டு, வட்டிலப்பம் என்று வாயால் சொல்லும்போதெல்லாம் என் கடைப் பெயரையும் சேர்த்துச் சொல் என்பது போல.

இலவச மென்பொருள் எழுதியவர்களுக்கு இது தலையிடியாகிவிட்டது. அச்சில் கண்முன்னே இருக்கும் நிரலை ஒதுக்கிவிட்டு, ஆவணத்தின் விளக்கத்தை மட்டும் வாசித்து முதலில் இருந்து எழுதினார்கள் சிலர். அவர்களில் பீட்டர் டொய்ச் என்பவர் தன் நிரலின் தலைப்பில் இதை வெளிப்படையாகவே எழுதி வைத்தார்: நியமத்தின் விளக்கப் பகுதியில் இருந்து எழுதினேன், பதிப்புரிமை கோரப்பட்ட பகுதியில் இருந்து ஒரு வரியும் எடுக்கவில்லை என்று. ஒரு வேலைக்கு எழுதி முடித்த நிரல் மேசையில் இருக்க, அதே வேலையை இன்னொரு மனிதன் இரண்டாம் தடவை செய்ய வேண்டியிருந்தது. டெபியன் என்ற இலவச இயங்குதளக்காரர்கள் இன்னும் கண்டிப்பானவர்கள். ஆர்.எப்.சி ஆவணங்களை மாற்றி எழுதும் உரிமை தெளிவாக இல்லை என்று சொல்லி, அவற்றைத் தங்கள் பிரதான தொகுப்பில் சேர்க்காமல் 'சுதந்திரமற்றவை' என்ற பகுதியில் போட்டார்கள்.

*

பக்கப் பூட்டு, கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும்.

ஆர்.எப்.சி ஆவணங்கள் பல பத்தாண்டுகளாகத் தட்டச்சுத் தாள் போலவே வெளியாகின. ஒரு வரியில் 72 எழுத்து. ஒரு பக்கத்தில் 58 வரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுதியவர் பெயரும் பக்க எண்ணும். அடுத்த பக்கத்தின் தலையில் மறுபடி தலைப்பும் திகதியும். நூறு வரி நிரல் ஒன்று இருந்தால் அதன் நடுவே இவை வந்து உட்கார்ந்துகொள்ளும். செய்முறைத் தாளில் 'பத்து முட்டை' என்பதற்கும் 'அரைக் கிலோ கருப்பட்டி' என்பதற்கும் இடையில் 'பக்கம் 34' என்று இருந்தால் நமது உம்மாமார் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். கணினி அப்படி இல்லை. 'பக்கம் 34' என்பதையும் சட்டியில் போடப் பார்க்கும். பிறகு பிழை, பிழை என்று கத்தும்.

ஆகவே உலகம் முழுவதும் பொறியியலாளர்கள் ஒரே வேலையைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்தார்கள். ஆவணத்தை இறக்கி, பக்க எண்ணை அழித்து, தலைப்பை அழித்து, விட்டுப்போன வரியை ஒட்டி. கைதவறி ஒரு வரியைச் சேர்த்து அழித்தால் போச்சு. வலையமைப்புக் கருவிகளைக் கண்காணிக்கும் நியமங்களில் இந்தத் தொல்லை மிகுந்ததால், பக்கங்களுக்கு இடையில் இருந்து தேவையான பகுதியை மட்டும் உரித்தெடுக்க 'எஸ்.எம்.ஐ. ஸ்ட்ரிப்' என்ற சிறு மென்பொருளையே சிலர் எழுதி எல்லோருக்கும் கொடுத்தார்கள். வெளியிட்ட ஒன்றைக் கைக்கு எடுக்க இன்னொரு கருவி!

இந்தத் தொல்லையைத் தாண்ட ஒரு கூட்டம் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. நமது பள்ளிவாசல் வட்ஸ்அப் குழுமத்தில் வரும் குரல் பதிவைத் தொலைபேசியில் சேமித்துப் பாருங்கள். கோப்பின் பெயர் 'ஓபஸ்' என்று முடியும். ஓபஸ் என்பது மனிதக் குரலையும் இசையையும் சிறிய கோப்பாகச் சுருக்கும் நியமம். 2012 செப்டம்பரில் ஆர்.எப்.சி 6716 என்று வெளியானது. எழுதியவர்கள் ஜான் மார்க் வலான், கூன் வோஸ், திமோதி டெரிபெரி. அந்த ஆவணம் 326 பக்கம். அதில் பெரும்பகுதி வாசிக்க முடியாத எழுத்துக் குவியலாக இருக்கும். பிழை இல்லை. முழு மூல நிரலையும் ஒரு பொதியாகக் கட்டி, அந்தப் பொதியைச் சாதாரண எழுத்துகளாக மாற்றி, ஆவணத்துக்குள்ளேயே அச்சிட்டுவிட்டார்கள். ஒவ்வொரு வரியின் தலையிலும் ஒரு குறி வைத்தார்கள். அந்தக் குறி உள்ள வரிகளை மட்டும் பொறுக்கி மீண்டும் பொதியாக்கும் கட்டளையையும் எழுதித் தந்தார்கள். ஒரே கட்டளையில் முழு நிரலும் பிசகில்லாமல் உங்கள் கணினிக்கு வந்துவிடும்.

அதைவிடப் பெரிய விடயம் ஒன்றும் அந்த ஆவணத்தில் இருக்கிறது. அந்த நியமத்தில் முதன்மையாகக் கட்டுப்படுத்துவது நிரல்தான், விளக்கம் அதற்குத் துணை என்று எழுதி வைத்தார்கள். குரலை விரித்துக் கேட்க வைக்கும் பகுதிக்கு அந்த நிரலே நியமம். நிரல் கிடைக்காவிட்டால் அந்த நியமமே கிடைக்கவில்லை என்றுதான் பொருள்.

அனுமதிப் பூட்டை 2008இல் திறந்தார்கள். இணைய நியமங்களை வகுக்கும் அமைப்பு அந்த ஆண்டு நவம்பரில் தன் விதிகளை மாற்றியது. அதன் பிறகு வரும் ஆவணங்களில் உள்ள நிரல் பகுதிகளை, பி.எஸ்.டி. என்ற எளிய உரிமத்தின் கீழ் யாரும் எடுத்து, மாற்றி, விற்கும் பொருளிலும் சேர்க்கலாம். நிரல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று குறிக்கும் அடையாளங்களும் வழக்கத்துக்கு வந்தன. 2019இல் ஆவணத்தின் வடிவமே மாறியது. மூல ஆவணத்தில் நிரலுக்கென்று தனிக் குறிப்பெட்டி உண்டு. பக்க எண் நடுவில் நுழையும் தொல்லை தீர்ந்தது. 1969இல் தொடங்கிய பயணத்தில் இதற்கு ஐம்பது ஆண்டுகள் எடுத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

*

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். சரி, நமது நாட்டின் பெயரில் இருந்தே சொல்கிறேன்.

இணைய முகவரிகள் ஆங்கில எழுத்து, இலக்கம், சிறு கோடு இவற்றை மட்டும் ஏற்கும் விதத்தில்தான் ஆதியில் அமைந்தன. '.இலங்கை' என்று தமிழில் ஒரு முகவரி முடிய வேண்டும் என்றால், தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் மீண்டும் தமிழாக்க வேண்டும். அந்த முறையின் பெயர் பியூனிகோட். 2003 மார்ச்சில் ஆர்.எப்.சி 3492 ஆக வந்தது. எழுதியவர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த ஆடம் கொஸ்டெல்லோ.

அவர் மூன்று பூட்டையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டார். ஆவணம் இலவசம். முழு நிரலும் பின்னிணைப்பில் உண்டு. பக்கங்களுக்குள் சிக்கிக்கொள்ளாமல் இருக்கத் தன் இணையத்தளத்திலும் தனியாக வைத்தார். உரிமம் நாலு வரி: யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம், மற்றவர்களின் அதே உரிமையைக் குறைக்காதீர்கள், மாற்றியதை என் பெயரில் ஏமாற்றிக் கொடுக்காதீர்கள். 2008இல் அமைப்பு விதி மாறுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே ஒரு தனி மனிதர் செய்த வேலை இது.

முறை சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கப் பல மொழிகளில் உதாரண வாக்கியங்களும் வைத்திருந்தார். அரபு, சீனம், ஹீப்ரு, ஹிந்தி என்று பட்டியல் போகும். எல்லா மொழியிலும் கேள்வி ஏறத்தாழ ஒன்றேதான்: இவர்கள் ஏன் நம் மொழியில் பேசக்கூடாது? அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. ஆனால் நிரல் கையில் இருந்ததால் தமிழுக்காகத் தனியே யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. 2010இல் '.ලංකා' என்ற சிங்கள முடிவும் '.இலங்கை' என்ற தமிழ் முடிவும் உலக இணையத்தின் வேரில் சேர்க்கப்பட்டன. ஒரு நாட்டின் இரண்டு மொழிகளும் ஒன்றாகப் போய் நின்றன. அவற்றைச் சுமப்பது கொஸ்டெல்லோ எழுதித் திறந்து வைத்த அதே முறைதான்.

*

இப்போது பாடசாலைக்கு வருகிறேன். மேலே சொன்ன பூட்டுகளை நான் கண்டுகொண்டது அங்கேதான்.

ஆசிரியர்கள் எல்லோருக்கும் பாமினி தெரியும். வினாத்தாள், வரவுப் பதிவேடு, பெற்றோர் கூட்ட அறிவித்தல் எல்லாம் பாமினியில்தான் அடித்தோம். இன்னும் அடிக்கிறோம். ஆனால் பாமினி ஓர் எழுத்துரு, நியமம் அல்ல. கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்து. நாம் 'அம்மா' என்று அடித்தால் கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி உள்ள கணினியில் அது அம்மாவாகத் தெரியும். இல்லாத கணினியில் ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உதவித்தொகைக்காகப் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை பாமினியில் அடித்து ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். அங்கே அது குறிகளாகத் திறந்திருக்கிறது. யாரோ ஒருவர் ஊகித்துத் திரும்ப அடித்திருக்கிறார். தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியின் பெயர் வேறொரு பெயராகக் கடிதத்தில் வந்தது. அதைத் திருத்த அவளுடைய அப்பாவுக்கு இரண்டு நாள் பேர் போனது. இரண்டு நாள் பேர் என்றால் என்ன என்று தோட்டத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "பரவாயில்ல சேர்" என்றார். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

தமிழுக்கு நியமமே இல்லாமல் இருந்ததா? இல்லை. யூனிகோட் நியமத்தின் முதல் பதிப்பு வந்த 1991இலேயே தமிழ் அதில் இருந்தது. ஆனால் அப்போதைய கணினிகளில் அது வேலை செய்யவில்லை. அந்த இடைவெளியை நிரப்பச் சுவிட்சர்லாந்தில் இருந்து கல்யாணசுந்தரம், மலேசியாவில் இருந்து முத்து நெடுமாறன் போன்றவர்கள் உலகத் தமிழர்களோடு மின்னஞ்சலில் கலந்து பேசி, 1990களின் பிற்பகுதியில் 'டிஸ்கி' என்ற நியமத்தை உருவாக்கினார்கள். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணையை எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். அப்படித் திறந்து வைத்ததன் பலனைப் பாருங்கள். 2002இல் புருனோ ஹைபிள் என்ற ஜெர்மானியர், டிஸ்கியை யூனிகோடாக மாற்றும் மூல நிரலை எழுதி, லினக்ஸ் கணினிகளின் அடிப்படை நூலகத்தில் சேர்த்தார். இன்றும் அது அங்கே இருக்கிறது. டிஸ்கியில் எழுதிய பழைய கோப்பு உங்களிடம் இருந்தால், ஒரே கட்டளையில் இன்றைய எழுத்துக்கு மாறிவிடும்.

பாமினிக்கு அந்த வசதி அப்படி வரவில்லை. சுரதா யாழ்வாணன் போன்ற நம்மவர்கள் எழுத்து எழுத்தாகப் பொருத்திப் பார்த்து மாற்றிகளை எழுதித் தந்தார்கள். சுரதாவின் 'பொங்குதமிழ்' மாற்றி ஓர் இணையப் பக்கம். அந்தப் பக்கத்தைச் சேமித்தால் அதை இயக்கும் நிரலும் கூடவே வரும். இணைப்பு இல்லாத இடத்திலும் வேலை செய்யும். அந்தக் காலத்தில் மலையகத்தில் இணைய இணைப்பு இருந்த நிலைமையை நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய உதவி என்று விளங்கும்.

உமர்தம்பி அவர்களை இங்கே சொல்லாமல் போக முடியாது. தமிழ்நாட்டின் அதிராம்பட்டினத்தில் 1953இல் பிறந்தவர். 2006இல் வஃபாத்தானார். யூனிகோட் தமிழ் எழுத்துரு இல்லாத பழைய விண்டோஸ் கணினிகளிலும் தமிழ்ப் பக்கம் தெரிய வேண்டும் என்று, பக்கத்தோடு கூடவே இறங்கிவரும் 'தேனீ' எழுத்துருவைச் செய்தார். மாற்றிகளும் எழுதினார். எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தார். யூனிகோட் நியமம் புத்தகத்தில் இருந்தது. இணையக் கடையில் ஒரு மணித்தியாலத்துக்குக் காசு கொடுத்து உட்கார்ந்திருந்த பையனின் திரைக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் அவர் ஒருவர். ஸதகா ஜாரியா என்றால் கிணறும் பள்ளிவாசலும் மட்டும்தான் நமக்கு நினைவு வருகிறது. இதுவும் அதில் சேரும் என்பது என் நம்பிக்கை.

*

விலைப் பூட்டைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் அதுதான் இன்னும் பல இடங்களில் தொங்குகிறது.

நம் நாட்டிலும் தமிழ்க் கணினிக்கு ஒரு நியமம் உண்டு. இலங்கை கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். 1326, 2008ஆம் ஆண்டுக்குரியது. யூனிகோடையும் ரெங்கநாதன் விசைப்பலகை ஒழுங்கையும் அது அடிப்படையாகக் கொண்டது. பாடசாலைகளில் இதன் பெயரையாவது நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆனால் உலகில் நியம நிறுவனங்கள் பலவற்றின் பொது வழக்கம், ஆவணத்தை விலைக்கு விற்பது. சர்வதேச நியம நிறுவனமான ஐ.எஸ்.ஓ.வும் விற்றுத்தான் நடக்கிறது. செலவு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் விதியை எல்லோரும் பின்பற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதை வாசிக்கக் காசு கேட்பது சரியா?

இந்தக் கேள்வியைத் தலையில் தூக்கிக்கொண்டவர் கார்ல் மலமூத் என்ற அமெரிக்கர். இந்தியாவின் நியமங்கள் ஏறத்தாழ 19,000ஐக் காசு கொடுத்து வாங்கி, எல்லோரும் வாசிக்க இணையத்தில் போட்டார். கட்டடம், மின்சாரம், உணவு என்று மக்களின் உயிரோடு சம்பந்தப்பட்டவை பல அதில் இருந்தன. அங்குள்ள நியம நிறுவனம் எதிர்த்தது. விடயம் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இன்று நிலைமை மாறியிருக்கிறது. இந்தியா தானே வகுத்த நியமங்களை அந்த நிறுவனத்தின் தளத்திலேயே பதிவு செய்துகொண்டு இலவசமாக இறக்கலாம். ஐரோப்பாவிலும் அவருடைய அமைப்பு, குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் பாதுகாப்பு நியமங்களைக் கேட்டு வழக்குப் போட்டது. 2024 மார்ச்சில் ஐரோப்பிய உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தின் பகுதியாகிவிட்ட நியமத்தை மக்கள் பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

*

வரலாறு ஆசிரியர் ஒருவர் கேட்டார், "சேர், இது நமது மார்க்கத்திலும் உண்டே?" என்று. அவர் சொன்னது சரி. உஸ்மான் (ரழி) அவர்கள் அல்குர்ஆன் பிரதிகளை எழுதச் செய்து கூபா, பஸ்ரா, ஷாம் என்று நகரங்களுக்கு அனுப்பினார்கள். பிரதியை மட்டும் அனுப்பவில்லை. ஓதிக் காட்டக்கூடிய ஒருவரையும் கூடவே அனுப்பினார்கள் என்று நமது உலமாக்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அல்லாஹ்வின் வேதத்தை மனிதன் எழுதும் நிரலோடு ஒப்பிட நான் துணியமாட்டேன். கொண்டு சேர்ப்பதன் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு மட்டும் சொல்கிறேன். எழுதி வைப்பதோடு அவர்கள் கடமை முடிந்துவிட்டது என்று நினைக்கவில்லை.

நானும் இதில் தவறு செய்தவன். முன்பு படிப்பித்த ஒரு பாடசாலையில் தவணைப் புள்ளிகளைக் கூட்டி, பிள்ளைகளின் அறிக்கையைத் தானாகத் தயாரிக்கும் ஒரு கோப்பு செய்து வைத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு இடமாற்றம் வந்தபோது கோப்பை விட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் உள்ளே இருக்கும் சூத்திரங்களைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தேன், யாரும் கெடுத்துவிடக் கூடாது என்று. விளக்கமும் எழுதி வைக்கவில்லை. பாடத்திட்டம் மாறி ஒரு பாடம் கூடியதும் கோப்பு பயனற்றுப் போனது. அடுத்த வருடம் அந்த ஆசிரியைகள் மறுபடி கையால் கூட்டினார்கள். அவர்களிடம் நான் கொடுத்தது, திறக்க முடியாத பெட்டி.

ஆகவே என்னால் முடிந்த மூன்று காரியங்களைத் தொடங்கியிருக்கிறேன். சேர்ந்துகொள்ள விரும்புபவர்கள் சொல்லுங்கள்.

முதலாவது, பாடசாலை, ஜமாஅத், கோவில், மரண உதவிச் சங்கம் எதுவாக இருந்தாலும், இனிமேல் அடிக்கும் பட்டியல்களை யூனிகோடில் அடிப்போம். பழைய பாமினிக் கோப்புகளைக் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறேன். பெயர்கள் முக்கியம். ஒரு பெயர் பிழைத்தால் ஒரு தகப்பனின் கூலி போகிறது.

இரண்டாவது, நாம் தயாரிக்கும் கோப்புகளைப் பூட்டாமல் கொடுப்போம். எப்படி வேலை செய்கிறது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கூடவே வைப்போம்.

மூன்றாவது, உயர்தர ஐ.சி.டி. பிள்ளைகளுக்கு. பியூனிகோட் ஆவணத்தை இறக்கி வைத்திருக்கிறேன். நிரல் பெரிதல்ல, சீ மொழியில் உள்ளது. '.இலங்கை' என்ற நான்கு எழுத்து எப்படி ஆங்கிலக் கோவையாக மாறுகிறது என்று நாமே படிப்படியாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேலை செய்யும் நிரலை வாசித்துப் படிப்பதுபோல் பாடம் இல்லை. அதை ஒரு மனிதர் நமக்காகத் திறந்து வைத்திருக்கிறார்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. கொழும்பில் பல்கலைக்கழகத்திலோ பொறியியல் துறையிலோ இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது, அந்த 1923 அறிக்கையைப் போய்ப் பார்த்து, முறைப்படி அனுமதி பெற்று, பாலத்தின் வரைபடத்தை ஒரு பிரதி எடுத்து வர முடியுமா? பாடசாலைச் சுவரில் மாட்டி வைக்கலாம். கங்காணியின் தலைப்பாகைக் கதையை நாம் தொடர்ந்து சொல்வோம், அது நம் கதை. பக்கத்தில் வரைபடமும் இருக்கட்டும்.